வெயிலில் நின்ற டிராக்டர்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு அவமானம் இரட்டிப்பாகும். நான் டிராக்டர் மெக்கானிக். ஒரு பழைய டிராக்டரைச் சோதித்துச் சொல்வதற்காகப் போனேன். என்ஜின்மேல் கை வைத்தேன், கை சுட்டது. சுட்ட விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டே, "வெயில்ல நிக்குதில்ல, அதான் சுடுது" என்றேன். விற்கிறவர் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டிய பொய்யை அவருக்குச் சிரமமில்லாமல் நானே சொல்லிக் கொடுத்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் செல்போன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, பட்டறைப் பையன்கள் வாரத்துக்கு இரண்டு பழைய டிராக்டர் படம் அனுப்புகிறார்கள். "அண்ணே, பார்த்துச் சொல்லுங்க, வாங்கலாமா?" படத்தில் எல்லா டிராக்டரும் மாப்பிள்ளை மாதிரிதான் இருக்கிறது. படத்தைத் தொட்டால் சூடு தெரியாதே, தம்பிகளா. நேரில் தொட்டவனே ஏமாந்த கதையைக் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. செங்கல்பட்டில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி காதர் பாயின் பட்டறை இருந்தது. அங்கே முதல் மூன்று வருஷம் மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன். நாலாவது வருஷம், கழுவிய சாமானின் பெயர்களைத் தெரிந்துகொண்டேன். ஐந்தாவது வருஷம் எனக்கு எல்லாம் தெரியும் என்று தெரிந்துகொண்டேன். கெட்டது அங்கேதான்.

காதர் பாய் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. கிரீஸ் வேலை செய்கிறவர் எப்படி வெள்ளை கட்டலாம் என்று யாராவது கேட்டால், "கறுப்பு கட்னா எங்க ஒழுகுதுன்னு தெரியாது" என்பார். யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் பாயைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் வண்டிக்காரர் கொடுக்கும் காபியைத் தொடமாட்டார். வணக்கம்கூட அப்புறம்தான். நேரே போய் என்ஜினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார். ஜில்லென்று இருந்தால் மேற்கொண்டு பார்ப்பார். சூடாக இருந்தால், "நாளைக்கு வரோம், காலைல ஸ்டார்ட் பண்ணாம வைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடப்பார். தேய்ந்துபோன டீசல் என்ஜின், குளிரில்தான் வீம்பு பிடிக்கும்; ஒரு தடவை சூடேற்றிவிட்டால் சாது மாதிரி நடிக்கும். இந்த ஒரு விஷயம் போதும், பாதிப் பொய் வெளியே வந்துவிடும்.

அந்த ஆவணி மாசம் பாய் ஒரு கியர் பாக்ஸைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து அச்சரப்பாக்கம் பக்கத்திலிருந்து ஏழுமலை வந்தார். கூடவே அவர் மனைவி பச்சையம்மா.

ஏழுமலை அதுவரை அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். அவருடைய தெருவில் பதினோரு குடும்பம். ஆளுக்குக் கொஞ்சம் குத்தகை நிலம் கிடைத்திருந்தது. உழ மாடுதான் இல்லை. மாடு வேண்டுமென்றால் ஊர்ப் பெரிய பண்ணைக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அவர் தன் வயலையெல்லாம் உழுது முடித்து, மாட்டுக்கு ஓய்வு கொடுத்து, அப்புறம் விடுவார். அதற்குள் இவர்கள் நாற்று முற்றிப்போகும். அந்த வருஷம் பதினோரு குடும்பமும் ஆடு, அண்டா எல்லாம் விற்று ஒரு சின்ன டிராக்டர் வாங்குவதென்று முடிவு செய்திருந்தார்கள். இரண்டு சிலிண்டர் வண்டி, பழசு, சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் நிற்கிறதாம். ஏழுமலை போய்ப் பண்ணைக்காரரிடம், "இனிமே மாடு வேணாங்க" என்று சொல்லிவிட்டும் வந்திருந்தார். அதாவது, திரும்பிப் போகிற வழியை அடைத்துவிட்டுத்தான் பட்டறைக்கு வந்தார்.

பாய் படுக்கையிலிருந்து என்னைப் பார்த்தார். "வரதா, நீ போ. மொதல்ல இன்னா பண்ணுவ?"

"கை வைப்பேன் பாய்."

"அது போதும்."

அது போதவில்லை.

பஸ் இறங்கி மணலில் நடந்தோம். தோப்பு நெருங்கும்போது, தூரத்தில் 'டுக் டுக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சட்டென்று நின்றது.

"வண்டி சத்தம் மாரி கேட்டுச்சே," என்றார் ஏழுமலை.

"கல்பாக்கத்துல கட்டட வேல நடக்குதில்ல அண்ணாத்த, லாரியா இருக்கும்," என்றேன். லாரிக்கு அந்தச் சத்தம் வராது என்பது பட்டறைப் பூனைக்கும் தெரியும்.

தோப்புக்காரர் பெரிய மீசையும் பெரிய மரியாதையும் உள்ளவர். "வாங்க மேஸ்திரி, வாங்க" என்று இளநீர் வெட்டினார். என் வாழ்க்கையில் என்னை முதன்முதலாக மேஸ்திரி என்று கூப்பிட்டவர் அவர்தான். அந்த நிமிஷமே வண்டியில் பாதி விற்றுப்போனது. மீதிப் பாதியை இளநீர் விற்றது.

வண்டி உச்சி வெயிலில், நிழலே இல்லாத இடத்தில் நின்றிருந்தது. சுற்றிலும் அத்தனை சவுக்கு நிழல்! புதுச் சிவப்புப் பெயின்ட். கை வைத்தேன். சுட்டது. மேலே சொன்ன வசனத்தைச் சொன்னேன்.

பச்சையம்மா என் பின்னாலேயே வந்து தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து சக்கரத்து இரும்பையும் தொட்டார்.

"இன்னா தம்பி, இது அடுப்பு மாரி சுடுது. சக்கரம் அப்டி சுடலியே? அதுவும் வெயில்லதான நிக்குது?"

நான் சிரித்தேன். ஐந்து வருஷ அனுபவம் சிரித்த சிரிப்பு. "அது வேற இரும்பு, இது வேற இரும்புக்கா."

தோப்புக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைப் பார்த்த பார்வையில் மட்டும் ஒரு பாசம் தெரிந்தது. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டார்.

அப்புறம் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்து டாக்டர் மாதிரிக் கேட்டேன். ஆயில் குச்சியை உருவி, எண்ணெயை விரலில் தேய்த்து முகர்ந்தேன். டயரை உதைத்தேன். அது எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, எல்லாரும் உதைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தால் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. "ஏரே பூட்டினதில்ல மேஸ்திரி, சேத்துல எறங்கினதே இல்ல," என்றார் தோப்புக்காரர். உண்மைதான். சவுக்குக் கட்டையையும் கடற்கரை மணலையும் டிரெய்லரில் இழுத்து இழுத்தே அதன் ஆயுளில் பெரும்பகுதி போயிருந்தது.

"வாங்கலாம் அண்ணாத்த," என்றேன்.

மறுநாள் காலை, அச்சரப்பாக்கம் பக்கம் ஏழுமலையின் தெருவில், வேப்பமரத்து நிழலில், வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அதற்கடுத்த நாளும் ஆகவில்லை. பிறகு அந்தத் தெரு ஒரு வழி கண்டுபிடித்தது. தினம் சாயங்காலம் வண்டியை ஏரிக்கரைமேல் ஏற்றி நிறுத்துவது. காலையில் பதினைந்து பேர் சேர்ந்து சரிவில் தள்ளிவிடுவது. பாதிச் சரிவில் அது கறுப்பாக இருமிக்கொண்டு உயிர் பிடிக்கும். அதற்கப்புறம் பொழுது சாயும்வரை அணைக்கக்கூடாது. ஏழுமலை சோறு தின்னும்போதும் அது பக்கத்தில் புகைந்துகொண்டிருக்கும்.

நாலாம் நாள், சேற்றின் நடுவில் கலப்பையோடு திணறி அணைந்துவிட்டது. வயலில் ஏது சரிவு? கடைசியில் பண்ணைக்காரரின் மாடுகள்தான் வந்தன. இரண்டு ஜோடி மாடு பூட்டி டிராக்டரை வெளியே இழுத்தார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற பண்ணைக்காரர் சொன்னாராம்: "ஏழுமல, டிராக்டருக்கு மாடு பூட்டி ஓட்டறது நல்லா கீதே! நம்ம வூட்டுப் பக்கம் எப்போ வர்ற?"

அன்றைக்கே ஏழுமலையும் பச்சையம்மாவும் பட்டறைக்கு வந்தார்கள். ஏழுமலை என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் வாசலிலேயே குந்திக்கொண்டார். பச்சையம்மாதான் பேசினார். "பாய், நாத்து இருவது நாளு ஆயிட்ச்சு. பதினோரு வூட்டு நாத்து. இன்னும் ரெண்டு வாரம் போனா மாட்டுக்குத்தான் அறுத்துப் போடணும். அப்பறம் இந்தாளு மறுபடி பண்ணைக்குத்தான் போவணும்."

பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. அதுதான் பயம்.

"அன்னிக்கு இன்னா நடந்துச்சு, சொல்லு."

"போனோம் பாய். கை வச்சேன்."

"அப்பறம்?"

"சுட்டுச்சு."

"அப்பறம்?"

"வெயில்னு..."

"யார் சொன்னா வெயில்னு?"

"நான்தான் பாய்."

"அந்தாளு இன்னா சொன்னான்?"

"அவரு ஒண்ணும் சொல்லல."

பாய் கூரையைப் பார்த்தார். "அவன் தொழில் தெரிஞ்சவன்," என்றார். அவ்வளவுதான் விசாரணை. பிறகு ஏழுமலையைப் பார்த்து, "அஞ்சு நாளு குடு நைனா. இவனையும் உன்னாண்டயே உடறன். நடவு முடியறவரிக்கும் இவன் உன் வண்டிக்கு வேலக்காரன்," என்றார்.

மறுநாள் மெட்ராஸ் போய், பாய் கொடுத்த பணத்தில் இரண்டு பிஸ்டனும் லைனரும் ரிங்கும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பிஸ்டன் இரண்டையும் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ரெட்டைப் புள்ளையா? அர டிக்கெட்டு வாங்கிக்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. அந்த வாரம் என்னைப் பார்த்துச் சிரிக்காதது அந்த பிஸ்டன்கள் மட்டும்தான்.

வேலை, ஏழுமலையின் தெருவிலேயே புளியமரத்தடியில் நடந்தது. பாய் இடுப்பு வலியோடு ஒரு கயிற்றுக் கட்டிலில் சாய்ந்துகொண்டார். கை மட்டும் என்னுடையது. அவர் வேலை வாங்கும் முறை இன்னும் எனக்கு அப்படியே கண்ணில் நிற்கிறது. தரையில் ஐந்து சாக்கு விரிக்க வேண்டும். கழற்றுகிற வரிசையில், இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சாமானையும் வைக்க வேண்டும். முதல் சிலிண்டருடைய வால்வு இரண்டாவதுக்குப் பக்கத்தில்கூடப் படுக்கக் கூடாது. மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுக்க வேண்டும். கடைசியில் சாக்கு காலியாக வேண்டும். "மிச்சம் வந்தா நீ மெக்கானிக்கு இல்ல, காயலான் கடக்காரன்," என்பார். என்ஜின் மூடியைப் பிடிக்கும் ஹெட் போல்ட்டை ஒரேயடியாக முடுக்கக்கூடாது. நடுவில் தொடங்கி, குறுக்கும் நெடுக்குமாக, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் என்னை ஒரு தடவை கையை எடுத்துவிட்டு மூச்சு விடச் சொல்வார். போல்ட்டுக்கா எனக்கா என்று கேட்டதில்லை.

பழைய பிஸ்டனை உருவியபோது அதைச் சுற்றியிருந்த ரிங் துண்டு துண்டாக வந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும் குழாயான லைனருக்குள் விரலை விட்டால், மேலே தேய்ந்து ஒரு படிக்கட்டே விழுந்திருந்தது. "எப்டி இம்மாம் தேஞ்சுது?" என்றார் ஏழுமலை.

பதிலைப் பச்சையம்மா கண்டுபிடித்தார். என்ஜினுக்குப் போகிற காற்றை வடிகட்ட ஒரு எண்ணெய்க் கிண்ணம் இருக்கும். அதை அவரிடம் கழுவக் கொடுத்திருந்தோம். எண்ணெயைக் கொட்டிவிட்டு அடியில் இருந்த வண்டலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்மூரு மண்ணு இல்ல பாய். கடக்கர மண்ணு. கிளிஞ்சலு துண்டு கீது, பாரு."

கடற்கரை மணலை அள்ளி அள்ளி, அந்தக் கிண்ணத்தைக் கழுவவே கழுவாமல் ஓட்டியிருக்கிறார்கள். மணல் எண்ணெயைத் தாண்டி உள்ளே போய் ரிங்கை அரம் மாதிரி ராவிவிட்டது. பாய் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "கிண்ணத்த தெறந்து பாத்தியா அன்னிக்கு?"

"இளநி குடிச்சுக்கினு இருந்தேன் பாய்."

ஐந்தாம் நாள் காலை வண்டி தயார். சாக்கு ஐந்தும் காலி. நடவுக்குப் பெண்கள் சேலையை ஏற்றிச் செருகிக்கொண்டு காத்திருந்தார்கள். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம், பானெட்டில் மாலை, சந்தனம். நானும் அன்றைக்குப் புது வேட்டி கட்டியிருந்தேன். பழைய பாவத்தைக் கழுவிய சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் இரண்டாவது முட்டாள்தனம் செய்தேன்.

எண்ணெய்க் கிண்ணத்தில் அளவுக்கு ஒரு குறி இருக்கும். இனி இந்த என்ஜினுக்குள் ஒரு மணல்கூடப் போகக்கூடாது என்று நினைத்து, குறியைத் தாண்டி, கிண்ணம் தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றி மாட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவன் சொல்லிக்கொண்டா செய்வான்?

ஸ்டார்ட் செய்தேன். ஜில்லென்ற என்ஜின், ஒரே சுற்றில் பிடித்தது! தெருவே கைதட்டியது. ஏழுமலையின் கண்ணில் தண்ணீர். நான் சீட்டில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

கும்பிட்ட கை இறங்குவதற்குள் என்ஜின் வேகம் ஏறியது. நான் ஏற்றவில்லை. வேகத்தைக் குறைக்கும் கை நெம்புகோலைக் கீழே தள்ளினேன். இன்னும் ஏறியது. நீலப் புகை வீட்டுக் கூரைகளை மூடியது. வண்டி அலறியது. டீசலை நிறுத்தும் குமிழை இழுத்தேன். குமிழ் கையோடு வந்துவிட்டது. என்ஜினுக்கு இனி டீசலே தேவையில்லை. நான் ஊற்றிய எண்ணெயைக் காற்றோடு உறிஞ்சிக் குடித்து, அதிலேயே ஓடிக்கொண்டிருந்தது. மாலை பிய்ந்து பறந்தது. தேங்காய் உடைக்க வந்தவர் தேங்காயோடு ஓடினார். இன்னும் அரை நிமிஷம் போனால் புது பிஸ்டன், புது லைனர், பதினோரு வீட்டு நாற்று, எல்லாம் அந்தப் புகையோடு போய்விடும். நான் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, "பாய்! பாய்!" என்று கத்தினேன்.

இடுப்புப் பிடித்த மனுஷன் அப்படிப் பாய்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு கையால் காற்றுக் குழாயின் மூடியைத் தட்டிவிட்டார். அடைக்கத் துணி வேண்டும். தன் வெள்ளைக் கைலியைப் பார்த்தார், என் புது வேட்டியைப் பார்த்தார். ஒரே இழுப்பு. என் வேட்டி உருண்டையாகிக் குழாய் வாயில் இறங்கியது. மேலே தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

என்ஜின் ஒரு தடவை விக்கியது. இரண்டு தடவை விக்கியது. நின்றது.

புகை மெல்ல விலகியது. ஊர் திரும்பி வந்தது. டிராக்டர் மேலே, சந்தனப் பொட்டோடு, காக்கி அரை டவுசரில், கையில் ஒரு குமிழோடு நான் நின்றுகொண்டிருந்தேன். நடவுக்கு வந்த அத்தனை பெண்களும் பார்த்தார்கள். முதலில் சிரித்தது பச்சையம்மா.

பாய் கிண்ணத்தைக் கழற்றி, தளும்பிய எண்ணெயைக் குறி தெரியும்வரை கீழே சாய்த்தார். குழாயை உள்ளே வரை துடைக்கவைத்தார். என் வேட்டியால்தான். என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "ஒண்ணும் ஆவல," என்றார். "ஸ்டார்ட் பண்ணு. நீ இல்லடா, எறங்கு. ஏழுமல பண்ணட்டும்."

அன்று மதியத்திலிருந்து எட்டு நாள் அந்தச் சின்ன வண்டி பதினோரு வீட்டு வயலையும் உழுதது. ஏரிக்கரைக்கு அப்புறம் அது போனதே இல்லை. நாற்று முற்றுவதற்குள் நடவு முடிந்தது. நான் ஏழுமலையிடம் ஒரு பழைய வேட்டி இரவல் வாங்கிக் கட்டிக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் கிண்ணத்தைக் கழுவி, குறி வரை எண்ணெய் ஊற்றினேன். ஊற்றும்போது பச்சையம்மா பக்கத்தில் நின்று பார்ப்பார். குறி வந்ததும் "ம்" என்பார். நிறுத்திவிடுவேன்.

நாலைந்து வருஷம் போயிருக்கும். ஒரு மார்கழி விடியற்காலை, செங்கல்பட்டு பஸ் நிலையத்து டீக்கடையில் ஏழுமலையையும் பச்சையம்மாவையும் பார்த்தேன். இரண்டாவது டிராக்டர் வாங்கப் போகிறார்களாம், கடற்கரைப் பக்கமே. விற்பவர் எழுந்திருக்கும் முன்பே போய்ச் சேர வேண்டுமென்று முதல் பஸ் பிடித்திருக்கிறார்கள். இதற்குள் நானும் எத்தனையோ வண்டி பார்த்துத் தேறியவன். உண்மையாகவே மேஸ்திரி. உரிமையோடு, "கொஞ்சம் இரு அக்கா, சட்டையப் போட்டுக்கினு நானும் வர்றேன்," என்றேன்.

பச்சையம்மா போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். எதிரே நின்ற பஸ்கூடப் பனியில் சரியாகத் தெரியவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"வெயிலா கீது தம்பி, நீ வூட்லயே இரு."